கடலை வேண்டாமாம்

செல்வரத்தினத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதையும் தெரியும். இல்ஃபோர்டில் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துகளிலும், வெஸ்ட் ஈலிங் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். பெரும்பாலும் அவருடைய பழைய கூட்டாளி பாலேந்திராதான். "எங்கடை செல்வான்ரை கடலைக் கதை தெரியுமோ?" என்று அவர் தொடங்கினால், செல்வரத்தினத்தின் மனைவி சிவமலர் எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவாள். செல்வரத்தினம் இருந்த இடத்திலேயே இருந்து, எல்லோரும் சிரிக்கிற இடத்தில் தானும் சிரிப்பார்.

கதை சிறியதுதான். யாழ்ப்பாணத்தாருக்குக் கடலை என்றால் அவித்துத் தாளிக்கிற கொண்டைக்கடலை. மண்ணுக்குள் விளைகிறது கச்சான். தமிழ்நாட்டாருக்கு மண்ணுக்குள் விளைகிறதே கடலை. இந்த வித்தியாசத்தில் ஒரு வியாபாரம் கவிழ்ந்தது. பாலேந்திரா சொல்லும்போது அது இவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது யாருடைய குற்றமும் இல்லை என்பதால் எல்லோரும் நிம்மதியாகச் சிரிக்கலாம். கச்சானை விளைவித்தவனைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தையும் வராது.

அவன் பெயர் பக்கரி சான்யாங். மேற்கு ஆபிரிக்காவில், ஓர் ஆறும் அதன் இரண்டு கரைகளுமே நாடாக இருக்கிற காம்பியாவில், ஆற்றின் வடகரையில் ஒரு கிராமத்துக்காரன்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிற்றராக இருந்த செல்வரத்தினம், எண்பத்தைந்தில் ஊரை விட்டுக் கிளம்பியபோது அப்படி ஒரு நாடு இருப்பதே அவருக்குத் தெரியாது. லண்டன் என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன் அவரையும் வேறு சிலரையும் காம்பியாவின் தலைநகரில் ஓர் அறையில் அடைத்துவிட்டு, கடவுச்சீட்டுகளோடு காணாமல் போனான். மற்றவர்கள் ஒவ்வொரு திசையில் கலைந்தார்கள். கையில் தொழில் இருந்த செல்வரத்தினம் ஆற்றோடு மேலே போனார். அங்கே ஊருக்கு ஊர் 'செக்கோ' என்கிற கொள்முதல் முற்றம் இருந்தது. அறுவடைக்குப் பிறகு விவசாயிகள் கழுதை வண்டிகளில் கச்சானைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெரிய சல்லடை உருளையில் போட்டு மண்ணும் கல்லும் பிரித்து, நிறுத்து, மலைபோல் குவித்து, லொறியில் ஆற்றுத்துறைக்கு அனுப்புவார்கள். அந்த உருளையின் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. செல்வரத்தினம் அதைத் திருத்தினார். சாப்பாட்டுக்கு வழி பிறந்தது.

மழை தொடங்கியதும் செக்கோவைப் பூட்டிவிட்டார்கள். அந்த மழையில்தான் அவருக்கு மலேரியா வந்தது. செக்கோ வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தவரைத் தன் கழுதை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவன் பக்கரி. ஏன் கொண்டுபோனாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, "வண்டி வெறுமையாகத்தானே போனது" என்றான்.

அந்த வீட்டில் செல்வரத்தினம் இரண்டு மழைக்காலம் இருந்தார். மண்டிங்கா மொழி பழகினார். அந்த ஊரில் அவருக்குப் பிடிபடாமல் கிடந்தது ஒன்றுதான், நலம் விசாரிக்கும் முறை. எதிரே வருகிறவர் வீட்டாரைக் கேட்பார், மனைவியைக் கேட்பார், பிள்ளைகளை, மாட்டை, பயிரை, ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான்: இருக்கிறார்கள், இருக்கிறது. சமாதானமா என்றால், 'கைரா டொரொங்', சமாதானம் மட்டும்தான். அவர் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்த நாட்களிலும், "உன் வீட்டு அந்நியன் எப்படி?" என்று வந்தவர்கள் கேட்டால், "இருக்கிறான்" என்றுதான் பக்கரி சொன்னான். விசாரிப்பு முடிகிறவரை யாரும் விஷயத்துக்கு வரக் கூடாது. வீடே எரிந்தாலும் முதலில் மாட்டை விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்கள் போலிருக்கிறது என்று செல்வரத்தினம் அப்போது நினைத்ததுண்டு.

அந்த நாட்டில் மழைக்காலம்தான் பசிக்காலம். பழைய தானியம் தீர்ந்துபோய், புதிய விளைச்சலுக்கு இன்னும் நாள் இருக்கும். அப்போதும் அடுப்புப் புகை படுகிற இடத்தில் விதைக் கச்சான் மூட்டை தொங்கும். அதைத் தொட மாட்டார்கள். ஆனால் காய்ச்சல்காரருக்கு நாள்தோறும் கச்சான் இடித்த கஞ்சி வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. எழுந்து நடக்கத் தொடங்கியபோது பக்கரியின் வயலில் ஒரு மூலை விதைக்காமல் புல் மண்டிக் கிடப்பதைக் கண்டார். "மண் களைத்துவிட்டது, ஓய்வு கொடுத்திருக்கிறேன்" என்றான் பக்கரி. பக்கத்து வயல்காரன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அந்த மூலையைத் தின்றவன் நீதான்!"

எண்பத்தெட்டில் பாலேந்திரா லண்டனிலிருந்து வழி செய்து அவரை எடுப்பித்தார். புறப்படும்போது பக்கரிக்குக் கொடுக்கச் செல்வரத்தினத்திடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த மூலை மட்டும் மனதில் கிடந்தது.

இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் செற்றில் ஷிப்ட் வேலை கிடைத்தது. சிவமலர் கலியாணம் பேசி வந்து சேர்ந்தாள். பழைய வான் ஒன்று வாங்கி, ஹாரிங்கேயில் ஒரு துருக்கிக்காரரிடம் கொண்டைக்கடலை எடுத்துத் தமிழ்க் கடைகளுக்குப் போட்டார். அந்தக் கடைகளில் ஒன்று வெம்ப்ளியில் இருந்தது. கடைக்காரர் சுந்தரராஜன், திண்டிவனத்துக்காரர். மொத்த வியாபாரமும் உண்டு. கொண்டைக்கடலையை அவர் எப்போதும் சன்னா என்றுதான் சொல்வார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குஜராத்திகள். "சார், சன்னா நாலு மூட்டை" என்பார். செல்வரத்தினமும் அவரிடம் சன்னா என்றே சொல்லப் பழகியிருந்தார். வீட்டுக்கு வந்தால்தான் அது கடலை.

பக்கரி ஒவ்வொரு வருஷமும் யாராவது லண்டன் வருகிறவரிடம் ஒரு பை கச்சான் கொடுத்து விடுவான். தொண்ணூற்றிரண்டில் வந்த பையைச் செல்வரத்தினம் வெம்ப்ளிக்குக் கொண்டுபோனார். சுந்தரராஜன் ஒன்றை உடைத்துத் தோலைத் தேய்த்து வாயில் போட்டார். இரண்டாவதையும் போட்டார்.

"நல்லா இருக்கு சார். எண்ணெய்ப் பிடிப்பு இருக்கு. எந்த ஊரு?"

"காம்பியா. என்ரை கூட்டாளியின்ரை வயல்."

"அங்கேயெல்லாம் கவர்ன்மென்ட்டுக்குத்தானே குடுக்கணும்?"

"முந்தி அப்பிடி. இப்ப வேறை ஆக்களுக்கும் குடுக்கலாம். செக்கோவிலை நிறுவையிலை கொஞ்சம் போகும். காசுக்குப் பதிலாத் துண்டு எழுதிக் குடுத்துவிட்டு மாசக்கணக்கா அலைக்கழிப்பாங்கள். நீங்கள் நேரை எடுத்தால் அவைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்துதான் பேச்சு நடந்தது. பொருளின் பெயர் வந்த இடத்தில் இருவருமே 'கிரவுண்ட்நட்' என்றார்கள். சுந்தரராஜன் கடைசியில், "ஒரு சின்னக் கன்டெய்னர் போட்டுப் பார்க்கலாம். ஜனவரியில லாரி அனுப்பச் சொல்றேன். பூஞ்சணம் இருந்தா துறைமுகத்துலயே நிறுத்திடுவான், அதை மட்டும் உங்க ஆள்கிட்ட சொல்லிடுங்க" என்றார். கை கொடுத்தார்கள்.

பக்கரியின் ஊருக்குத் தொலைபேசி கிடையாது. பக்கத்துச் சந்தையூரில் ஒரு கடையில் இருந்தது. சந்தை நாளில் கூப்பிட்டால் பக்கரி வந்து நிற்பான். செல்வரத்தினம் விஷயத்தைச் சொன்னார். பக்கரி ஊரில் பேசி, வேறு சில குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டான். ஈரக் காய், சுருங்கிய காய் எல்லாம் கையால் பொறுக்கி நீக்க வேண்டும் என்று செல்வரத்தினம் சொன்னதைப் பெண்களிடம் சொல்லி, முற்றத்தில் பாய் விரித்து அந்த வேலையும் தொடங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்வரத்தினம் ஒருவருக்குக் கொடுக்கத்தக்க ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பெற்றோல் செற்றில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சில்லறை கொடுக்கிறபோதும் அந்த நினைப்பு கூடவே இருந்தது. அந்த மூலையை விதைத்துவிடலாம்.

டிசம்பரில் ஒருநாள் பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்தவருக்குச் சிவமலர் தேத்தண்ணி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, வெம்ப்ளிக்காரர் போன் எடுத்தவர். மகளின்ரை கலியாணமாம், இண்டைக்கு மெட்ராசுக்குப் போறாராம். மாசி கழிச்சுத்தான் வருவாராம்."

"வேறை?"

"கடலை இந்த வருசம் வேண்டாமாம். அடுத்த வருசம் பாப்பமாம்."

"கடலை எண்டா சொன்னவர்?"

"ஓம், கடலை."

"சன்னா எண்டு சொல்லேல்லையோ? கடலை எண்டேதான் சொன்னவரோ?"

"கடலை எண்டுதானப்பா சொன்னவர். எனக்கென்ன காது கேளாதே?"

செல்வரத்தினம் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். சுந்தரராஜன் இவ்வளவு காலத்தில் ஒருநாளும் அதைக் கடலை என்று சொன்னதில்லை. அது ஒரு சின்ன முள்ளாக அவருக்குள் தைத்தது. தைத்தது என்பதை அவர் பிறகு ஒருபோதும் தனக்குள் மறுக்க முடியவில்லை. அதை எடுத்துப் பார்ப்பது சுலபம். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுந்தரராஜன் அப்போது விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருக்கலாம், புறப்படாமலும் இருக்கலாம். கடையில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கேட்டால் பதில் வரும். செல்வரத்தினம் தேத்தண்ணியைக் குடித்தார். சிவமலரோடு பேசுகிறபடியால் சன்னாவைத்தான் வீட்டுத் தமிழில் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டார். அது பாதி உண்மையும்கூட. சிவமலருக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்து, மரியாதைக்காக நல்ல தமிழில் சொல்ல முயன்றிருந்தார் அந்த மனிதர். கச்சானைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று செல்வரத்தினம் முடிவு கட்டினார். மறுநாள் துருக்கிக்காரரிடம் போய், வெம்ப்ளிக்கு இனிக் கொண்டைக்கடலை வேண்டாம் என்றார்.

ஜனவரி வந்தது. லொறி வரவில்லை. சந்தை நாளில் கூப்பிட்டபோது விசாரிப்பெல்லாம் முறையாக முடிந்த பிறகு பக்கரி சொன்னான்:

"செக்கோவில் நிறுக்கத் தொடங்கிவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இங்கே என்னோடு நிற்கிறார்கள். கொடுக்கவா, வைத்திருக்கவா?"

"வைத்திரு. வாங்குகிறவர் மகளின் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் லொறி வரும்."

"கலியாணம் நல்லபடியாக நடக்கட்டும்" என்றான் பக்கரி. பிறகு போனிலிருந்து வாயை விலக்கிப் பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்வது கேட்டது: "வைத்திருக்கச் சொல்கிறான்."

மண்டிங்காவில் கச்சானுக்கு 'தியோ' என்று பெயர். அந்த ஆற்றங்கரையில் தியோ என்றால் எல்லோருக்கும் தியோதான். அந்த உரையாடலில் ஒரு சொல்லும் பிசகவில்லை. அந்நிய மொழியில், கடலுக்கு அப்பாலிருந்து, இரைச்சலான தொலைபேசியில் சொன்னது அப்படியே போய்ச் சேர்ந்தது. பிசகுவதற்குத் தமிழரும் தமிழரும் பேச வேண்டியிருந்தது.

மார்ச்சில் சுந்தரராஜன் திரும்பினார். செல்வரத்தினம் வெம்ப்ளிக்குப் போனபோது அவர் கல்யாண ஆல்பத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"வாங்க சார், வாங்க. லட்டு எடுத்துக்குங்க. என்ன, சன்னாவே கொண்டு வராம விட்டுட்டீங்களாம்? பசங்க துருக்கிக்காரன்கிட்ட நேரா வாங்கிட்டு இருக்காங்க."

"நீங்கள்தானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"நானா? சன்னாவையா? எப்போ?"

"போக முந்தி போன் எடுத்தனீங்கள். கடலை வேண்டாமெண்டு என்ரை மனிசியிட்டைச் சொன்னனீங்கள்."

"ஆமா. கடலை. உங்க ஆப்பிரிக்காக் கடலை. கிரவுண்ட்நட்." சொல்லிவிட்டுச் சுந்தரராஜன் அவர் முகத்தைப் பார்த்தார். "உங்க ஊர்ல கடலைன்னா என்ன?"

"நீங்கள் சன்னா எண்டு சொல்லுறது."

"அப்போ இது?"

"கச்சான்."

சுந்தரராஜன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "நல்லவேளை சார்! எங்க ஊர்ல மல்லாட்டைன்னு சொல்லுவோம். அதைச் சொல்லியிருந்தா ஏதோ வசவுன்னு நினைச்சு உங்க வீட்டம்மா போலீசையே கூப்பிட்டிருப்பாங்க."

செல்வரத்தினம் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்பவெண்டாலும் லொறி அனுப்பேலாதோ? அவை ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கினம்."

"சைனாக் கடலை கப்பல்ல வந்துட்டு இருக்கு சார். பாதி விலை. அதனாலதானே வேண்டாம்னு சொன்னேன்."

"நான் வாக்குக் குடுத்திட்டன்."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலியே." கோபமில்லாமல்தான் சொன்னார். "நான் வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறினேன். சந்தேகமா இருந்தா ஒரு போன் போட்டிருக்கலாமே சார். பசங்க இங்கேதானே இருந்தாங்க."

அது நியாயமான கேள்வி என்பதுதான் அதிலிருந்த கொடுமை. சுந்தரராஜன் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. தன் கடையைப் பார்த்துக்கொண்டவர். அவரை வெறுக்கச் செல்வரத்தினம் எவ்வளவோ முயன்றும் அது கைகூடவில்லை.

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தெரிந்த கடைகளுக்கெல்லாம் வானைக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்களுக்குக் கச்சான் என்று சொன்னாலே முகம் மலர்ந்தது. "நல்லூர்த் திருவிழாக் கச்சான் மாதிரி இருக்குமோ அண்ணை? ஒரு பெட்டி கொண்டு வாங்கோ, விப்பம்." ஒரு பெட்டி! அங்கே ஒரு கிராமத்தின் முற்றங்கள் நிறையக் கச்சான் குவிந்து கிடந்தது.

மறுபடியும் சந்தை நாள். பக்கரி வீட்டாரை விசாரித்தான், சிவமலரை விசாரித்தான், வேலையை விசாரித்தான். எல்லாம் இருக்கின்றன என்றார் செல்வரத்தினம். பிறகு விஷயத்துக்கு வந்தார். வாங்குகிறவர் ஏமாற்றிவிட்டார் என்றார். ஊருக்குப் போய் வந்து மனம் மாறிவிட்டார், வேறு இடத்தில் மலிவாக எடுத்துவிட்டார், வாக்கு மாறிவிட்டார். சொல்லத் தொடங்கியபோது அப்படிச் சொல்ல அவர் நினைத்திருக்கவில்லை. சொற்கள் தாமாக அந்த வழியில் இறங்கின.



"அவர் உன் மொழிக்காரர்தானே?" என்று கேட்டான் பக்கரி.

"ஆம்."

"அப்படியென்றால் அவருக்கு ஏதோ கஷ்டம் வந்திருக்கும். மகளின் கலியாணம் பெரிய செலவு."

அதற்குள் செக்கோவைப் பூட்டியிருந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு வியாபாரி கொஞ்சத்தை அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போனான். மிச்சத்தைக் கூரைக்குக் கீழே அடுக்கினார்கள். அந்த வருஷம் மழை முந்தி வந்தது. கூரைகள் கச்சானுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வண்டு விழுந்தது, பச்சையாகப் பூஞ்சணம் ஓடியது, ஆட்டுக்குக்கூடப் போட முடியாமல் ஆற்றில் கொட்டினார்கள். இதையெல்லாம் பக்கரி சொல்லவில்லை. அவனைக் கேட்டால் இருக்கிறது என்பான். சந்தையூர்க் கடைக்காரன்தான், பக்கரி வராத ஒரு நாளில் சொன்னான். அவன் இன்னொன்றும் சொன்னான். அடுத்த அறுவடைக்குப் பிறகு கொள்முதல்காரரிடம் பேசுவதற்கு ஊரார் பக்கரியை முன்னுக்கு விடவில்லையாம். அவன் பேச எழுந்தால், "லண்டன் லொறி வரட்டும், அதற்குப் பிறகு பேசு" என்று சிரிக்கிறார்களாம். அந்த வருஷத்தோடு கச்சான் பை வருவதும் நின்றது.

லண்டனில் இது கதையாகியது. செல்வரத்தினம்தான் பாலேந்திராவிடம் முதலில் சொன்னார், மனம் ஆறாமல். பாலேந்திராவுக்குக் கிடைத்தது கடலையும் கச்சானும் மட்டும். அவர் சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. கடைசியில் சிவமலர் போனில், "எங்கடை கடலை நல்ல கடலை ஐயா!" என்று சுந்தரராஜனோடு சண்டை பிடிப்பதாகவும் வந்துவிட்டது. செல்வரத்தினம் திருத்தவில்லை. ஒரு சொல்லின் மீது பாரத்தைப் போடுவது எவ்வளவு வசதியானது என்பது அவருக்கு அப்போது பிடிபட்டது. சொல்லுக்கு முதுகு இல்லை. எவ்வளவு போட்டாலும் முனகாது. அது பேசாமல் தாங்கியதில் ஒரு பங்கு சிவமலரின் தலையில் இறங்கியதை அவர் கண்டும் காணாமல் இருந்தார்.

தொண்ணூற்றாறில், ரெய்னர்ஸ் லேனில், பாலேந்திராவின் மகளுக்குப் பிறந்தநாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். மேசையில் வறுத்த கச்சான் ஒரு கோப்பையில் இருந்தது. அதுவே போதுமாயிருந்தது பாலேந்திராவுக்கு.

"மச்சான், உனக்கு எது வேணும்? கடலையோ, கச்சானோ?"

அறை சிரித்தது. கதை ஓடியது. முடிந்ததும் புதிதாகக் கலியாணமாகி வந்திருந்த ஒரு பெண் சிவமலரிடம் கேட்டாள்: "அக்கா, நீங்கள் எந்தக் கடலை எண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாமே?"

சிவமலர் அன்றைக்குக் குசினிக்குப் போகவில்லை.

"நான் கேக்கேல்லைத்தான் தங்கச்சி. எனக்குக் கடலை எண்டால் ஒரு கடலைதான். இவர் கேட்டவர். கடலை எண்டா சொன்னவர், சன்னா எண்டு சொல்லேல்லையோ எண்டு ரெண்டு தரம் கேட்டவர். அந்தாள் சன்னா எண்டுதான் சொல்லுறவர் எண்டு எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. பாலேந்திரா, "சரி சரி, கேக்கை வெட்டுவம், பிள்ளை பாவம்" என்று எழுந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் அடுத்தடுத்த இருக்கையில் இருந்தார்கள். செல்வரத்தினம்தான் பேசினார்.

"ஏன் அங்கை வைச்சுச் சொன்னனீர்?"

"மூண்டு வருசமா எல்லாரும் சிரிக்கேக்கை குசினிக்குள்ளை போய் நிண்டன். கால் நோகுது."

"எனக்கு அப்ப வடிவா விளங்கேல்லை."

"விளங்காத ஆள் ரெண்டு தரம் கேக்காது" என்றாள் சிவமலர்.

அடுத்த சந்தை நாளுக்குச் செல்வரத்தினம் ஒரு போன் கார்ட் வாங்கினார். ஆபிரிக்காவுக்கு மலிவு என்று அதன்மேல் யானைப் படம் போட்டிருந்தது. வருஷக்கணக்காக அவர் அந்த இலக்கத்தைச் சுழற்றவில்லை. கடைக்காரன் அவருடைய குரலை அடையாளம் கண்டு ஆள் அனுப்பினான். சொல்ல வேண்டியதை அவர் மனதுக்குள் மண்டிங்காவில் அடுக்கி வைத்திருந்தார். வாங்குகிறவர் ஏமாற்றவில்லை. எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது. நான் கேட்கவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். அதிகம் இல்லை, நாலு வசனம்.

"பக்கரி, சமாதானமா?"

"சமாதானம் மட்டும். உன் வீட்டார்?"

"இருக்கிறார்கள்."

"உன் மனைவி?"

"இருக்கிறாள்."

"உன் வேலை? உன் வண்டி? லண்டன் ஊரார்?"

எல்லாம் இருந்தன. பிறகு செல்வரத்தினம் விசாரித்தார். பக்கரியின் மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், கழுதை இருந்தது, வயல் இருந்தது. முறை முடிந்தது.

"பக்கரி, அந்த வருஷம் நடந்தது..."

"உன் வீட்டார்?" என்றான் பக்கரி.

"இருக்கிறார்கள். நான் ஒன்று சொல்ல..."

"உன் மனைவி?"

"இருக்கிறாள்."

"குளிர்? உன் உடம்பு? உன் கூட்டாளி, உனக்கு விமான ரிக்கற் அனுப்பியவர்?"

அப்போதுதான் செல்வரத்தினத்துக்கு விளங்கியது. விசாரிப்பு முடிந்தால்தான் விஷயம் தொடங்கலாம். பக்கரி அதை முடிய விடமாட்டான். குரலில் கோபம் இல்லை, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வாசலில் நின்று, அன்போடு விசாரித்துக்கொண்டே, உள்ளே வர விடாமல் மறித்துக்கொண்டிருந்தான். செல்வரத்தினம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லாமல் விடுவது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் குறுக்கிட்டது.

"விதை?" என்று கேட்டார் செல்வரத்தினம். விசாரிப்பில் வழக்கமாக வராத கேள்வி அது.

இரைச்சல் கேட்டது. சந்தைச் சத்தமும் ஒரு கழுதையின் கத்தலும் கேட்டன.

"இருக்கிறது" என்றான் பக்கரி. "உன் வீட்டார்?"

கார்ட் முடிந்தது.

சிவமலர் குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"இருக்கினமாம். எல்லாரும் இருக்கினமாம்."

"வடிவாக் கேட்டனீங்களோ?" என்றாள் அவள்.